அசையா உடல்: கதிர்ச் சிகிச்சையின் வரலாற்றில் நோயாளி

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் றொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டிலேயே அக்கதிர்களைக் கொண்டு நோய் தீர்க்கும் முயற்சிகள் தொடங்கிவிட்டன. அன்று தொட்டு வளர்ந்த கதிர்ச் சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவும், அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், ஒவ்வொரு கருவியின் கீழும் ஒரு மனிதர் கிடந்தார். அசையாதிருக்க வேண்டும் என்பதே அவரிடம் எல்லாக் கருவிகளும் கேட்டது. அவ்வசையாமை எவ்வாறு பெறப்பட்டது, அதற்காக நோயாளி எதனைப் பொறுத்துக்கொண்டார் என்று நோக்குமிடத்து, இவ்வரலாறு வேறொரு முகத்தைக் காட்டுகின்றது.

தொடக்ககாலக் கதிர்கள் ஆற்றல் குறைந்தவை. ஆழத்திலுள்ள கட்டியைச் சென்றடையும் முன்னரே அவை தோலைப் பொசுக்கின. கதிரின் அளவை அறிய நம்பத்தகுந்த வழி இல்லாத அக்காலத்தில், தோல் சிவப்பதே அளவாகக் கொள்ளப்பட்டது. நோயாளியின் தோலே வைத்தியரின் அளவுகோலாயிற்று எனலாம். இந்நிலை மாறுவதற்குப் பெரிதும் காரணமானவர்கள் பாரிஸ் றேடிய நிறுவகத்தைச் சேர்ந்த றெகோ, கூத்தார் ஆகியோராவர். முழு அளவையும் ஓரிரு முறைகளிற் செலுத்தாது பல நாட்களுக்குப் பகிர்ந்து செலுத்தின், கட்டி அழியும்போதும் நலமான இழையங்கள் தேறிவருகின்றன என்பதனை 1920களில் அவர்கள் காட்டினர். நோயாளிக்கு இது பெரும் ஆறுதலே. எனினும், அவ்வாறுதலே புதியதொரு சிக்கலையும் உடன்கொணர்ந்தது. ஒருமுறைச் சிகிச்சைக்கு ஒருமுறை சரியாகப் படுத்தாற் போதும். முப்பது நாட் சிகிச்சைக்கோ, முப்பது நாளும் அதே இடத்தில், அதே கிடையிற் படுத்தாக வேண்டும்.

1951இல் கனடாவில் கோபாற்று 60 கருவிகளும், 1953இல் லண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் நேர்கோட்டு ஆர்முடுக்கியும் பயன்பாட்டுக்கு வந்தபின் இச்சிக்கல் மேலும் கூர்மையடைந்தது. இவற்றின் கதிர்கள் தோலுக்குக் கீழேயே தம் உச்ச அளவை எய்துவன. ஆதலால் தோல் பெரிதும் தப்பியது. ஆனால், குறி தவறினாலும் இனித் தோல் அதைக் காட்டிக்கொடுக்காது. உடலை இறுகப் பிடித்து வைப்பதைத் தவிர வேறு வழி அன்று தென்படவில்லை.

தலையிலும் கழுத்திலும் புற்றுநோய் கண்டோர் இப்பிடியின் இறுக்கத்தை மிகுதியாக உணர்ந்தனர். முதலில் அவர்களின் முகத்தின்மீது பாரிஸ் சாந்து இட்டு அச்செடுத்து, அவ்வச்சின்மேல் பிளாஸ்ரிக் தகட்டினாற் கூடு செய்தனர். பின்னர், வெந்நீரில் இளகும் துளைத் தகடொன்றை முகத்தின்மீது நேரே இழுத்துப் படியவைத்து இறுகச்செய்யும் முறை பரவியது. அம்முகமூடி படுக்கையோடு பூட்டப்படும். தொண்டைப் புண்ணால் எச்சிலை விழுங்கவும் இயலாத ஒருவர், வாயைத் திறக்க முடியாத கூட்டினுள், தடித்த கொங்கிறீற்றுச் சுவர்களுக்கிடையே தனித்துக் கிடப்பதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏனையோர் வெளியே சென்று கமெராவினூடாகவே அவரைக் கவனிப்பர். அச்சம் மிக்கோர்க்கு மருந்து கொடுத்து அமைதிப்படுத்தவும், சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கவும் நேர்ந்தது. வாரங்கள் செல்ல, உணவு குறைந்து நோயாளி மெலிய, அக்கூடும் தளர்ந்துவிடும். இத்துணைத் துன்பத்துக்குப் பின்னும் குறி உறுதியாகவில்லை என்பதே இதிலுள்ள அவலம்.

இதனினும் கடுமையானது சுவீடனில் லெக்செல் கையாண்ட முறை. 1949இல் தலைக்கென உலோகச் சட்டகம் ஒன்றை அமைத்த அவர், 1951இல் கதிராலேயே சத்திரசிகிச்சை செய்யலாம் என்னும் கருத்தை வெளியிட்டார். 1960களின் பிற்பகுதியில் கோபாற்று மூலங்கள் பலவற்றின் கதிர்களை மூளையின் ஒரு புள்ளியிற் குவிக்கும் 'காமாக் கத்தி' உருவாயிற்று. மண்டையைத் திறக்காமலே சிகிச்சை செய்ய முடிந்தது மெய்தான். ஆயினும், சட்டகம் திருகாணிகளால் மண்டையோட்டிற் பொருத்தப்பட்டது. தோலை விறைக்கச்செய்து பூட்டிய அதனைத் தாங்கியவாறே, படம் எடுத்துத் திட்டமிட்டுக் கதிர் செலுத்தி முடியும்வரை நோயாளி காத்திருப்பார். சட்டகமே குறியின் ஆள்கூறுகளைத் தந்தமையால் அதனைக் கழற்ற இயலாது.

லெக்செல்லிடம் பயின்ற அமெரிக்கரான அட்லர் இவ்விடத்தில் ஒரு கேள்வியை எழுப்பினார். மண்டையோடு தானே ஓர் இறுகிய சட்டகமன்றோ? சிகிச்சையின்போது எடுக்கும் எக்ஸ் கதிர்ப் படங்களை முன்னர் எடுத்த சி.ரி. படத்தோடு கணினி ஒப்பிட்டால், தலை எங்குள்ளது என்பதனை அது கண்டுகொள்ளும். கருவியும் தன் குறியை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும். 1994இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இவ்வாறு முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. உடலைக் கருவிக்கு இசைவிக்கும் நிலை மாறி, கருவியை உடலுக்கு இசைவிக்கும் நிலை தோன்றியது. திருகாணியின் பணியைப் படம் ஏற்றுக்கொண்டது எனலாம்.

மிஷிகனில் ஜஃப்றேயும் அவருடைய தோழரும் ஆர்முடுக்கியிலேயே தட்டைப் படமானியைப் பொருத்தி, படுத்திருக்கும் நோயாளியின் முப்பரிமாணப் படத்தைப் பெறும் முறையை 2002இல் விரிவாக வெளியிட்டனர். தோலிற் குத்திய மைப்புள்ளியை நம்பியிருந்த காலம் இதனாற் கழியலாயிற்று. உள்ளுறுப்புகள் நாள்தோறும் இடம்பெயர்வதும் கண்கூடாயிற்று. சிறுநீர்ப்பையும் மலக்குடலும் நிறைந்தும் வெறுமையாகியும் இருப்பதற்கேற்பப் புரஸ்தசுரப்பி நகர்கின்றது. எனவே நோயாளியிடம் புதிய கோரிக்கை எழுந்தது: நீரருந்திவிட்டு, முடியும்வரை அடக்கியிருத்தல் வேண்டும். முதுமையில் சிறுநீரை அடக்குதல் எத்துணை வருத்தம் என்பது விளக்க வேண்டாதது. படம் பார்த்து 'போதிய அளவு நிறையவில்லை' என்று கண்டால், எழுந்து சென்று காத்திருந்து மீண்டும் படுக்கவேண்டும். படம் ஒரு தளையை அவிழ்த்து வேறொன்றைப் பூட்டியது என்று கூறுதல் மிகையன்று.

வசதி என்பது நோயாளிக்குக் காட்டும் இரக்கம் மட்டுமே என்னும் எண்ணம் இக்காலத்திலேதான் தளர்ந்தது. படம் எடுத்தபின் கதிர் பாயுமுன் நோயாளி அசைந்துவிட்டால், அப்படம் பழைய செய்தியாகிவிடும். கடினமான படுக்கையில் முதுகு நோக, தலைக்குமேல் உயர்த்திய கை மரத்துப்போக, எவராயினும் அசையவே செய்வர். முழங்காலின்கீழ் வைக்கும் ஓர் அணை, அருகிருந்து சொல்லும் ஒரு விளக்கம் ஆகியனவும் குறியைக் காக்கும் கருவிகளே.

இடது மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இது தெளிவாகத் தெரிகின்றது. ஆழ மூச்சிழுத்து நிறுத்தினால் இருதயம் மார்புச் சுவரினின்று விலகுகின்றது. ஏறத்தாழ இருபது விநாடிகள் அம்மூச்சை நோயாளியே தாங்கிநிற்கிறார். தம் மூச்சின் அளவைத் திரையிற் பார்த்தவாறு அவர் அதைச் செய்ய, உடலின் மேற்பரப்பைக் கமெராக்கள் கண்காணிக்கின்றன. அத்தகைய கமெராக்களாலேயே, கண்ணும் மூக்கும் வாயும் திறந்திருக்கும் முகமூடிகளும் இயல்வனவாயின. கட்டுண்டு கிடந்தவர் சிகிச்சையிற் பங்காளியானார்.

காந்தப் பரிவுப் படத்தையும் கதிர்ச் சிகிச்சையையும் இணைத்த கருவிகள் 2014இல் அமெரிக்காவின் சென் லூயிஸிலும், வேறொரு வகையில் 2017இல் நெதர்லாந்தின் உற்றெக்றிலும் நோயாளரைக் கண்டன. கதிர் பாயும்போதே உள்ளுறுப்பைக் காணும் ஆற்றல் அவற்றுக்குண்டு. ஆயின் ஒடுங்கிய குழாயும், ஓயாத இரைச்சலும், நீண்ட நேரமும் மீண்டும் நோயாளியின் தோளிலேயே ஏறின.

2024இல் வெளிவந்த பேஸ்-பி ஆய்வு, புரஸ்தசுரப்பிப் புற்றுநோய்க்கு நான்கு முதல் எட்டு வாரங்கள்வரை அளித்துவந்த சிகிச்சையை, ஐந்தே வருகைகளில் முடிப்பதோடு ஒப்பிட்டது. படவழிகாட்டல் இன்றி ஒவ்வொரு முறையும் அத்துணைப் பெரிய அளவைச் செலுத்தத் துணிதல் அரிது. நோயைக் கட்டுப்படுத்துவதில் ஐந்து வருகைகள் குறைந்துபோகவில்லை. ஆனால் சிறுநீர்த் தொல்லை அவ்வாறு சிகிச்சை பெற்றோரிடமே சற்று மிகுதியாகக் காணப்பட்டது.