புதுக்கோட்டை அம்மன் காசு

அம்மன் காசு என்பது புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான் மன்னர்கள் வெளியிட்ட சிறு செப்பு நாணயம் ஆகும். இதன் ஒரு பக்கத்தில் திருக்கோகர்ணம் பிரகதாம்பாளின் உருவமும், மறுபக்கத்தில் தெலுங்கு எழுத்தில் "விஜய" என்னும் சொல்லும் பொறிக்கப்பட்டுள்ளன. நாயக்கர் காலந்தொட்டுத் தென்னக அரசவைகளில் தெலுங்கு வழங்கியதால் இது வியப்பன்று.

மதிப்பு

20 அம்மன் காசுகள் ஓர் அணாவாகும். எனவே 16 அணா மதிப்புடைய பிரித்தானிய இந்திய வெள்ளி ரூபாய் ஒன்றுக்கு 320 காசுகள். பிரித்தானிய முறையில் ஓர் அணாவுக்கு 12 தம்படி என்பதால், 5 காசுகள் 3 தம்படிக்குச் சமம். ஒற்றைக் காசு ஒரு தம்படியைவிடவும் சிறியது. அதைத் தம்படியாக மாற்ற இயலாது. ஐந்தைந்தாகச் சேர்ந்தால் மட்டுமே கணக்கு நேராகும். ஏழைகளின் கையில் புழங்கிய காசு என்பதற்கு இதுவே சான்று.

அச்சிடல்

தொடக்கக் காலக் காசுகள் கையால் அடிக்கப்பட்டவை. வடிவம் சீராக இராது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயந்திரத்தில் அச்சிட்ட, வட்டம் பிசகாத காசுகள் வந்தன.

நவராத்திரிக் கொடை

நவராத்திரி விழாவில் அரிசியுடன் இக்காசுகளும் தானமாக வழங்கப்பட்டன. விஜய ரகுநாதத் தொண்டைமானுக்கு 1738இல் சதாசிவப் பிரம்மேந்திரர் அருளிய உபதேசத்துடன் இவ்வழக்கத்தை மரபுச் செய்திகள் தொடர்புபடுத்துகின்றன.

1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது.