வானில் எழுந்த மகளிர் குரல்

சேர மன்னர் பதின்மரைப் பாடிய பதிற்றுப்பத்தில் இன்று நம் கையில் இருப்பவை எட்டுப் பத்துகளே. முதற்பத்தும் பத்தாம் பத்தும் காலத்தாற் கவரப்பட்டன. எஞ்சியவற்றுள் ஆறாம் பத்தைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்னும் பெண்பாற் புலவர். அவர் ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் அவையிற் பாடியவை ஏட்டில் ஏறின. அவ்வேட்டினைத் தேடி உ. வே. சாமிநாதையர் 1904இல் அச்சேற்றினார். ஆதலின் அக்குரல் பிழைத்தது. ஏட்டில் ஏறாது காற்றோடு கலந்த மகளிர் குரல்கள் எத்தனையோ, அவற்றை யார் அறிவார்?

அச்சேரநாட்டு மண்ணில், கொச்சி மட்டாஞ்சேரியில் வாழும் தமிழராகிய நமக்கு இவ்வினா புதிதன்று. 1568இல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக் கூடம் நம் தெருக்களின் அண்மையிலேயே நிற்கிறது. கொச்சி யூத மகளிர் தம் திருமணங்களிலும் திருநாள்களிலும் மலையாள மொழியிற் பாட்டிசைத்தனர். அப்பாட்டுகளைக் கையேடுகளில் எழுதித் தாய் மகளுக்கு வழங்கினாள். 1950களில் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். பின்னாளில் ஆய்வாளர்கள் அக்கையேடுகளைத் தொகுத்து, முதிய பெண்டிரின் பாட்டினை ஒலிநாடாக்களிற் பதிந்தனர். எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யூத இசை ஆய்வு நடுவம் 2004இல் அவற்றுட் சிலவற்றைக் குறுந்தகடாக வெளியிட்டது. பாடியவர் இல்லை, பாட்டு உளது. பதிவு என்பதன் பயன் இதுவே.

பாட்டிற்குக் கையேடு துணை நின்றது. வானொலிக்கு எது துணை? இதனை அறிய அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

தமிழகத்தில் வானொலி அரசினரால் தொடங்கப்பெற்றதன்று. 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய ஆர்வலர் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவி ஒலிபரப்பினர். பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் அது நின்றது. பின்னர் 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. மைசூரில் உளவியற் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி 1935இல் தம் இல்லத்திலேயே ஒரு நிலையம் அமைத்து, அதற்கு ஆகாசவாணி எனப் பெயரிட்டார். 1938 ஜூன் 16இல் சென்னையில் அகில இந்திய வானொலி தொடங்கியபின், ஒலிபரப்பு முற்றிலும் அரசின் பொறுப்பாயிற்று. அவ்வானொலி கலைக்கும் கல்விக்கும் ஆற்றிய தொண்டு பெரிது. எனினும், அங்கே பேசுவோர் சிலர், கேட்போர் பலர்.

இந்நிலை மாறிய ஆண்டு 1995. மட்டைப்பந்து ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை குறித்து எழுந்த வழக்கொன்றில், வானலைகள் பொதுமக்களின் உடைமை என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பெழுதியோருள் ஒருவர் நீதிபதி பி. பி. சாவந்த். அதன் பயனாக 2002இல் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி நடத்த இசைவு கிடைத்தது. 2004 பிப்ரவரி முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. 2006இல் அவ்வுரிமை தொண்டு நிறுவனங்களுக்கும் விரிந்தது.

ஆயின், உரிமம் வருமுன்னரே குரலைச் சேமித்து வைத்த பெண்டிரும் இருந்தனர். இன்று தெலங்கானாவில் உள்ள ஜகீராபாத்தை அடுத்த சிற்றூர்களில், தக்காண வளர்ச்சிக் கழகத்தைச் சார்ந்த தலித் மகளிர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தம் பேச்சையும் பாட்டையும் நாடாக்களிற் பதிந்து வந்தனர். ஒலிபரப்ப வழியின்மையால் அவற்றைச் சங்கக் கூட்டங்களில் இயக்கிக் கேட்டனர். விதை, சிறுதானியம், நோய், கூலி, இல்லறத் துன்பம், நடவுப் பாட்டு ஆகியனவே பொருள். 2008 அக்டோபர் 15ஆம் நாள் மாச்சனூரில் ‘சங்கம் ரேடியோ’ மலர்ந்தது. நரசம்மா என்னும் ஒரே பெயர் கொண்ட பெண்கள் இருவர் அதனை நடத்தினர். அதனைத் தொடங்கி வைத்தவரும் நீதிபதி சாவந்தே என்பது நினைந்து மகிழத்தக்கது. 2009இல் நம் கேரளத்து வயநாட்டில் ‘ரேடியோ மாற்றொலி’ தோன்றிப் பழங்குடியினர் தம் மொழிகளிற் பேசவும் இடமளித்தது.

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். சமுதாய வானொலி நிகழ்ச்சிகளுட் பாதியேனும் அவ்வூர் மக்களின் பங்கேற்பில் உருவாக வேண்டும் என 2006ஆம் ஆண்டு விதிகள் வற்புறுத்தின. நன்று. ஆனால் அவ்விதிகளே, ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதங்கள் காத்தாற் போதும் என்றும் அமைந்தன. மூன்று திங்கள்! அதன்பின் அழித்தாலும் கேட்பாரில்லை. சிறு நிலையத்திற் பொருளுமில்லை, ஆளுமில்லை; நேற்றைய பதிவின்மேல் இன்றைய பதிவை ஏற்றுதல் எளிது.

வரகு விதைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் காக்கத்தக்க பொருளோ என வினவுவாருளர். வரகும் தினையும் நம் சங்கப் பாட்டில் இடம்பெறவில்லையா? அரசர் வரலாற்றைக் கல்வெட்டுக் கூறும். ஒரு கூலிப் பெண் கண்ட உலகத்தை அவள் குரலன்றி வேறெது கூறும்?

காத்தலும் எளிதன்று. நம் கொச்சியின் ஈரக்காற்றில் நாடாக்களிற் பூஞ்சை படரும். நாடாவை இயக்கும் கருவிகள் அருகிவிட்டன. கணினிக் கோப்பும் ஒருநாள் திறவாது போகும். ஒவ்வொரு பதிவுக்கும் இரு படிகள் இரு வேறிடங்களில் வேண்டும். பேசியவர் யார், எவ்வூர், எந்நாள் என்னும் குறிப்பும் வேண்டும். குறிப்பற்ற ஒலி, பெயரற்ற ஏடு போன்றது. இவற்றினும் முதன்மையானது பேசியவரின் இசைவு. தன் துயரை ஊராருக்கு ஒருநாள் உரைத்த பெண், அது என்றும் ஒலிப்பதை விரும்பாதிருக்கலாம். அவ்விருப்பத்தை மதியாத காப்பகம் அறமுடையதாகாது.

இப்பணிக்கு அரசை மட்டும் நோக்கியிருத்தல் ஆகாது. ஏடு தேடிய சாமிநாதையர் ஊர் ஊராகத் தாமே நடந்தார். நம் சங்கத்தின் அலமாரியில் நூல்கள் அணிவகுத்து நிற்கின்றன. மட்டாஞ்சேரித் தமிழன்னையரின் தாலாட்டும் ஒப்பாரியும் அங்கே இல்லை. அவர்தம் குரல் இன்னும் நம் இல்லங்களில் ஒலிக்கின்றது. அது ஒலிக்கும்போதே பதிந்து காத்தல் நம் கடன்.