சிதையருகே ஓய்ந்த சச்சரவு

கன்னியாகுமரிக் கடற்கரையில் காந்தி மண்டபத்தின் அருகே காமராசர் மணிமண்டபம் நிற்கிறது. கடலில் கரைக்கப்படுமுன் அவரது அஸ்தி மக்களின் அஞ்சலிக்காக வைக்கப்பட்டிருந்த இடம் அது. குமரி மாவட்டத்தாராகிய நமக்கு அவர்மீது தனி உரிமை உண்டு. 1967 பொதுத்தேர்தலில் தாம் பிறந்த விருதுநகரிலேயே தோல்வியுற்ற அவரை, நேசமணியின் மறைவையொட்டி 1969 சனவரியில் நடந்த நாகர்கோவில் இடைத்தேர்தலில் வெற்றிபெறச் செய்தவர்கள் நம் மக்களே. 1971-இலும் அவரையே மக்களவைக்கு அனுப்பினர்.

அவருக்கு அரசியல் எதிரணியினர் பலர். தி.மு.க. அவரை எதிர்த்தே ஆட்சிக்கு வந்தது. 1969-இல் காங்கிரசு பிளவுற்றபோது இந்திரா காந்தியும் அவரும் வெவ்வேறு அணிகளாயினர். 1975 சூனில் அறிவிக்கப்பட்ட நெருக்கடிநிலையை அவர் ஏற்கவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்தநாளில், சென்னையில் காமராசர் காலமானார். முதலமைச்சர் கருணாநிதி அவரது உடலை இராசாசி மண்டபத்தில் வைக்கச் செய்து, அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்தார். மறுநாள் கிண்டியில் அவரது உடல் எரியூட்டப்பட்டது. பிரதமர் இந்திரா காந்தியும் வந்து அஞ்சலி செலுத்தினார். இதற்கு முன்னரும், 1972 டிசம்பரில் இராசாசி மறைந்தபோது, கொள்கையால் நெடுங்காலம் மாறுபட்டு நின்ற பெரியார் நேரில் வந்து கண்ணீர் வடித்ததைத் தமிழகம் கண்டிருந்தது.

காமராசருக்கு ஒருசேர அஞ்சலி செலுத்தியதால் பகை தீர்ந்ததா? இல்லை. நான்கு திங்கள் கழியுமுன், 1976 சனவரி 31 அன்று, நடுவண் அரசு தி.மு.க. ஆட்சியைக் கலைத்தது. அப்படியெனில் அந்தத் துக்கம் பொய்யா? நாம் அவ்வாறு எண்ணவில்லை. தம் உயிரைத் தேடி அலைந்த சவுல் வீழ்ந்தபோது தாவீது ஆடையைக் கிழித்து அழுதார், நோன்பும் இருந்தார். சவுலின் தவறுகளை அவர் மறந்துவிடவில்லை. ஆயினும் இழப்பின் நாளில் அவற்றை எண்ணிக் கணக்குப் பார்க்கவில்லை. துக்கம் கருத்து வேறுபாட்டை அழிப்பதன்று; அதைச் சற்று வாயிலில் நிறுத்தி வைப்பது.

இதை எழுதும் நமக்கும் ஒரு குற்ற உணர்வு உண்டு. முன்பொரு பங்கில், ஊரார் அனைவரும் மதித்த பெரியவர் ஒருவரின் அடக்கத்தன்று, பெட்டியின்மீது எந்தக் கட்சியின் கொடியைப் போர்த்துவது என்று கல்லறைத் தோட்ட வாயிலில் வாக்குவாதம் எழுந்தது. பெட்டி வெயிலில் காத்திருந்தது. அவர் மனைவியோ ஒரு சொல்லும் பேசாமல் நின்றார். இரு தரப்பாரும் நம் பங்கு மக்களே என்றஞ்சி, நாமும் வாய் திறவாதிருந்தோம். அன்று அந்த அம்மையாருக்கு நாம் இழைத்த அநீதி இன்றும் உறுத்துகிறது.

துட்டி வீட்டுக்குச் செல்லும்போது நம் கட்சியைத் துறக்க வேண்டியதில்லை. கொடியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுச் செல்வோம். இறந்தவர் நம் அணிக்குச் சான்று சொல்ல எழுந்து வரமாட்டார். அவர் தீர்ப்புக்காக நிற்பது வேறொருவர் திருமுன்.