முவேக்காவும் கானகக் கல்வியும்

கிழக்காபிரிக்காவின் யானைகளையும் சிங்கங்களையும் பற்றிக் கேள்வியுறாதார் இலர். ஆயினும், அவ்விலங்குகளைக் காக்கும் தொழில் முறையானதொரு கல்வியாக உருப்பெற்ற வரலாற்றை அறிந்தார் சிலரே. அவ்வரலாறு கிளிமஞ்சாரோ மலையின் தென்சரிவிலே, மோசி நகருக்கு மேலே, வாழையும் கோப்பியும் செழித்த சாகா மக்களின் நாட்டிலுள்ள முவேக்கா என்னும் சிற்றூரோடு பிணைந்தது. ஆபிரிக்க வனசீவராசிப் பரிபாலனக் கல்லூரி 1963 ஆம் ஆண்டில் அவ்வூரில் தொடங்கப்பெற்றது.

இத்தகைய கல்லூரி வேண்டப்பட்டமைக்குக் காரணம் யாதெனின், முன்னைய ஆட்சிகளின் போக்கே எனலாம். அந்நிலம் யேர்மானியர் கையிலிருந்த காலத்தில், ஆளுநர் விஸ்மன் 1896 இல் வேட்டையை ஒழுங்குபடுத்தும் கட்டளையைப் பிறப்பித்தார். பின்வந்த ஆங்கிலேயரும் அவ்வழியையே விரித்தனர். கட்டளையிடும் காப்பாளர் ஐரோப்பியராயிருந்தனர். அவருட் பலர் படைத்துறையிலிருந்து வந்தோர். அடிச்சுவடு பார்த்து வழிகாட்டினவரும் துப்பாக்கி சுமந்தவரும் ஆபிரிக்கர். தந்தையிடமிருந்து மைந்தன் கற்ற வேட்டைத்திறன், உரிமைச்சீட்டு இல்லாதவிடத்துக் குற்றமாயிற்று. அதே திறன் வெள்ளையரின் வேட்டைக்கு வழிகாட்டியவிடத்துக் கூலிக்குரிய தொழிலாயிற்று. காட்டை நன்கு அறிந்தவனே அதன் பரிபாலனத்தில் கடைப்படியில் நிறுத்தப்பட்டான்.

1961 செத்தெம்பரில் அரூஷா நகரிலே இயற்கைப் பாதுகாப்புப் பற்றிய மாநாடொன்று கூடியது. தங்கனீக்கா விடுதலை பெறுதற்கு மூன்று திங்களே எஞ்சியிருந்தன. அம்மாநாட்டில் யூலியஸ் நையரேரேயின் பெயரால் வெளிவந்த அறிக்கை, வனசீவராசிகளைக் காத்தல் புதிய நாட்டின் கடமை என ஏற்றது. அதற்கு வேண்டிய சிறப்பறிவும் பயிற்சி பெற்ற ஆட்களும் பொருளும் பிறநாடுகளின் துணையின்றிக் கிட்டா என்பதையும் மறையாது கூறிற்று. அவ்வறிக்கையை வரைந்தோர் மேனாட்டு இயற்கைப் பாதுகாவலரே என்பர். அஃது உண்மையாயினும், அறிக்கை சுட்டிய குறை பொய்யன்று. ஐரோப்பிய அலுவலர் விலகும் காலம் நெருங்கியது. அவரிடத்தை நிரப்பக் கற்றோர் வேண்டும். அமெரிக்காவில் 1961 இல் தோன்றிய ஆபிரிக்க வனசீவராசி நிறுவனமும் பிராங்பேட் விலங்கியற் கழகமும் உதவ முன்வந்தன.

கல்லூரியின் முதல் அதிபர் ஹியூ லாம்பிறி. வேட்டைத் திணைக்களத்தின் உயிரியலாளராயிருந்த அவர், தராங்கிரே ஒதுக்கிடத்தில் தாவரமுண்ணும் பெருவிலங்குகள் பதினான்கினை ஆண்டுக்கணக்காக நோக்கியவர். ஒரே காட்டில் இத்தனை இனங்கள் ஒன்றையொன்று பட்டினியிடாது வாழ்வது எங்ஙனம் என்பதே அவரது வினா. ஒன்று புல்லை மேயும், மற்றொன்று தழையை நாடும்; ஒட்டகச்சிவிங்கி எட்டும் உயரம் இம்பாலா மானுக்கு எட்டாது; மாரியில் ஓரிடத்திற் கலந்து நின்றவை வறட்சியில் வெவ்வேறு புகலிடங்களுக்குப் பிரியும். 1963 இல் வெளிவந்த அவ்வாய்வின் முடிபுகள் நூலகத்திற் கிடைத்தவையல்ல. காட்டிலே திரும்பத் திரும்ப எண்ணிக் கண்டவை. அத்தகையவர் அதிபராய் அமைந்தமையால், கல்லூரியின் கல்வியும் வகுப்பறையுள் அடங்கிவிடவில்லை.

சான்றிதழ், டிப்ளோமா என இரு நிலைகளிற் கல்வி நிகழ்ந்தது. மாணாக்கர் கூடாரத்தோடு சமவெளிகளுக்குச் சென்று தங்கினர். புல்லினங்களைப் பெயரறிதல், இறந்த விலங்கை அறுத்து நோயறிதல், துப்பாக்கி கையாளுதல், பழுதான வண்டியைச் செப்பனிடுதல் ஆகிய யாவும் பாடமாயின. எளிதெனத் தோன்றும் விலங்கெண்ணுதலே மிகக் கடினமானது. பேணாட் கிறிசிமெக்கும் அவர் மைந்தர் மைக்கேலும் 1958 இல் சிறு விமானத்திற் பறந்து செரெங்கெற்றிச் சமவெளியில் ஏறக்குறைய 367,000 விலங்குகளைக் கணக்கிட்டனர். அவற்றுள் நூ எனப்படும் மானினம் ஓரிலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 1961 இல் வேறு ஆய்வாளர் எண்ணியபோது அவ்வினம் 260,000 ஐத் தாண்டிற்று. மூன்றாண்டில் இயற்கையாக இவ்வளவு பெருகுதல் இயலாது. எண்ணும் முறையே வேறுபாட்டுக்குப் பெருங்காரணமாதல் வேண்டும். கணக்கில் தவறு நேரின், எல்லை வகுப்பதிலும் தவறு நேரும் என்பதைக் கானகத்தில் நின்று கற்பவனே நன்குணர்வான். மைக்கேல் 1959 சனவரியில், தம் விமானம் கழுகொன்றுடன் மோதியதால் உயிர்நீத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

காட்டுத்தீயும் ஒரு பாடமே. வறட்சியின் தொடக்கத்தில் இடும் நெருப்பு மெல்லப் படரும். இறுதியில் இடுவதோ காய்ந்த புல்லோடு மரத்தையும் எரிக்கும். எப்போது எரித்தல் வேண்டும், எப்போது எரித்தலாகாது என்பதை நிலத்தையும் காற்றையும் நோக்கியன்றி அறிய முடியாது. இதனை ஆபிரிக்கக் கிழவர்கள் முன்னரே அறிந்திருந்தனர் என்பதும் கூறத்தகும்.

எனினும், இக்கல்வியில் நெடுங்காலம் ஒரு வெறுமை இருந்தது. 1959 இல் செரெங்கெற்றிப் பூங்காவினின்றும் மசாயி மக்கள் அகற்றப்பட்டு, ஙொரொங்கோரோ தனி நிலப்பரப்பாகப் பிரிக்கப்பட்டது. பூங்காவில் மனிதருக்கு இடமில்லை என்னும் கொள்கையே புதிய காப்பாளர் கையிலும் வந்து சேர்ந்தது. மேலாளரின் நிறம் மாறியபோதும், எல்லைக்கு வெளியே நின்ற இடையனுக்குப் பெரிய மாற்றம் புலப்பட்டிராது. விலங்கின் அடிச்சுவட்டைப் படிக்கக் கற்றவன், அண்டைக் கிராமத்தானோடு அமர்ந்து பேசக் கற்கவில்லை. 1998 இல் தன்சானியா வகுத்த வனசீவராசிக் கொள்கையே, கிராமங்கள் தம் நிலத்து விலங்குகளைத் தாமே பரிபாலிக்க இடங்கொடுத்தது. முவேக்காவின் பாடங்களிலும் மக்களோடு இணைந்த பாதுகாப்பு பின்னரே இடம்பெற்றது.

லாம்பிறி 1966 இல் செரெங்கெற்றி ஆராய்ச்சி நிலையத்தின் பணிப்பாளராகச் சென்றார். எழுத்தாளர் ஹெமிங்வேயின் மைந்தர் பற்றிக் முவேக்காவில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு கற்பித்தார்; தந்தையார் வேட்டையாடிய நாட்டிலே மைந்தர் காக்கும் கலை கற்பித்தமை விந்தையே. பிரெஞ்சு மொழி வழங்கும் நாடுகளின் பொருட்டு 1970 இல் கமரூனின் கறுவா நகரிலும், தென்னாபிரிக்காவில் 1997 இலும் இவ்வகைக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. முவேக்கா இன்று பட்டப்படிப்பும் வழங்குகின்றது.