தீயை அறிந்த மக்கள்

புகைமூட்டத்தால் பள்ளிகள் மூடப்பட்ட நாள்களைக் கண்டவர்கள் நாம். நமக்குத் தீ என்றாலே காட்டின் பகை. வட ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் நிலத்து வரலாறோ வேறொன்றைச் சொல்கிறது. அங்கே சிறு தீ மறைந்ததால்தான் காடு பெருந்தீக்கு இரையாயிற்று.

மேற்கு ஆர்னெம் நிலத்தின் கற்பீடபூமி பினிஞ் மக்களின் தாயகம். மழை ஓய்ந்து புல் காயத் தொடங்கும் பருவத்தை அவர்கள் 'யெக்கே' என்பர். அப்பருவத்தில் நடந்து செல்லும் வழியெல்லாம் சிறு தீ மூட்டுவர். மண்ணில் ஈரம் இருக்கும். இரவில் பனி இறங்கினால் தீ தானே அவிந்துவிடும். எரிந்த திட்டும் எரியாத திட்டுமாய் நிலம் கிடக்கும். பின்னர் மூளும் பெருந்தீ, எரிந்த திட்டைத் தாண்ட இயலாது நின்றுவிடும். 1969இல் ரைஸ் ஜோன்ஸ் என்னும் தொல்லியல் அறிஞர் இவ்வழக்கத்திற்குத் 'தீக்கோல் வேளாண்மை' என்று பெயரிட்டார். வேளாண்மை என்ற சொல்லை அவர் தேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் மக்கள் சமயப் பணி நிலையங்களையும் மாட்டுப் பண்ணைகளையும் சுரங்கங்களையும் நாடிச் சென்றனர். பீடபூமி ஆளற்றுப் போயிற்று. வறட்சிப் பருவத்தின் கடைசியில் மூண்ட தீயைத் தடுக்க எவருமில்லை. கடுந்தீயைத் தாங்காத சைப்ரஸ் பைன் மரங்கள் கூட்டமாய் மடிந்தன. 'மனிதன் தீண்டாத காடு' என்று நாம் புகழ்வது எல்லா நிலத்திற்கும் பொருந்தாது.

பாறை ஓவியரான பர்டயல் நஜமெரெக் அப்பீடபூமியில் வளர்ந்தவர். முதுமையில் குடும்பத்தோடு அங்குள்ள கபுல்வர்னம்யோவுக்கு மீண்டார். அவரைப் போன்ற மூத்தோரின் அறிவோடு அறிவியலாரின் செயற்கைக்கோள் படங்களும் சேர்ந்தன. 2006இல் டார்வின் எரிவாயு ஆலையோடு உடன்பாடு ஏற்பட்டது. ஏறத்தாழ 28,000 சதுர கிலோமீட்டர் நிலத்தில் பருவத் தொடக்கத்திலேயே எரித்து, ஆண்டுக்கு 100,000 டன் கரியமில வாயுவுக்கு இணையான வளிகளைக் குறைப்பது திட்டம். அதற்கு ஆலை பணம் தந்தது. 2007இல் நிலக்காவலர்களின் 'வார்டெக்கென்' நிறுவனம் தோன்றியது. 2009இல் ஏறத்தாழ 14 இலட்சம் ஹெக்டேர் நிலம் பழங்குடியினர் காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. நஜமெரெக் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

ஆசிரியர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிள்ளைகளின் படிப்புக்காகக் காவலர் குடும்பங்கள் மீண்டும் நகருக்குப் பெயரும் நிலை இருந்தது. 2015இல் கபுல்வர்னம்யோவிலேயே பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் அங்கே தாய்மொழியும் ஆங்கிலமும் கற்கிறார்கள்.