ஆயாவின் அம்மாவுக்கு என்ன பெயர்?

போன வருஷம் எங்கள் கொல்லைமேட்டு நிலத்தின் பட்டாவை மாற்றுவதற்காகக் குடும்ப மரம் ஒன்றை எழுத வேண்டியிருந்தது. அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், தாத்தாவின் அப்பா, அவருக்கு அப்பா என்று ஆண்களின் வரிசை மூச்சுவிடாமல் மேலே போனது. பெண்கள் பக்கம் ஆயாவோடு நின்றுவிட்டது.

"ஆயா, ஒங்க அம்மா பேரு இன்னா?"

ஆயா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"அம்மான்னுதான் கூப்புடுவோம்."

"ஊர்ல எப்டி கூப்புடுவாங்க?"

"திருபுவனத்தான் பொண்டாட்டிம்பாங்க. திருபுவனத்துல பொறந்தவ இல்ல, அதான்."

அவ்வளவுதான். ஆயாவுக்கு ஆறு வயது இருக்கும்போது அவர் அம்மா பிரசவத்தில் இறந்துவிட்டார். அது ஐந்தாவது பிரசவம். ஆயாவுக்கு இப்போது எண்பத்தைந்து இருக்கலாம். அம்மாவின் பெயரை அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அம்மாவுக்குப் பெயர் என்று ஒன்று தனியாக இருக்கும் என்றே அந்த வயதில் தோன்றவில்லை என்றார்.

இதை ஒரு குடும்பச் சோகமாக எழுத எனக்கு ஆசையில்லை. கண்டமங்கலம் பக்கத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் இதே கதை கிடைக்கும். ஆனால் அதே மாதம் நான் வாசித்துக்கொண்டிருந்த ஒரு புத்தகம் என்னைத் தூங்கவிடவில்லை. லாரல் தாட்சர் உல்ரிக் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 2017இல் வெளியிட்ட நூல் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மோர்மன் பெண்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் வைத்து எழுதப்பட்டது. மாடு கறந்து, களை பறித்து, பிள்ளை பெற்று, பிள்ளையைப் புதைத்து வாழ்ந்த விவசாயக் குடும்பத்துப் பெண்கள். ஒவ்வொருத்திக்கும் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. அன்றைக்கு என்ன துவைத்தாள், யார் வீட்டுக்குப் போனாள், எதற்காக அழுதாள் என்பதும் இருக்கிறது.

எனக்குப் பொறாமையாக இருந்தது.

2

மோர்மன்கள் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய கிறிஸ்தவ இயக்கம் அது. போன இடமெல்லாம் விரட்டப்பட்டார்கள். 1844இல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு கும்பல் ஸ்மித்தைச் சுட்டுக்கொன்றது. அடுத்து வந்த பிரிகாம் யங் தன் மக்களைத் திரட்டிக்கொண்டு, மாட்டு வண்டிகளில் ஆயிரம் மைலுக்கும் மேல் மேற்கே நடத்திப் போனார். 1847 ஜூலையில் முதல் கூட்டம் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தது. இன்றைய யூட்டா மாநிலம் அது. காய்ந்து இறுகிக் கிடந்த நிலத்தில் ஓடைத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, மண் இளகியதும் உழுது உருளைக்கிழங்கு நட்டார்கள்.

அந்த வருஷம் வண்டி ஓட்டிக்கொண்டு போனவர்களில் ஒருத்தி பேட்டி செஷன்ஸ். அப்போது வயது 52. அவள் மருத்துவச்சி. 1795இல் பிறந்து 1892இல் இறந்த அவள், தன் ஆயுளில் 3,977 பிரசவங்கள் பார்த்ததாகக் கணக்கு இருக்கிறது. அவள் பெற்ற எட்டுக் குழந்தைகளில் மூன்றுதான் ஆளாகின. வண்டிப் பயணத்திலும் நாட்குறிப்பை விடவில்லை. இன்றைக்கு இன்னார் வீட்டில் ஆண் குழந்தை, இன்றைக்குச் சோப்பு காய்ச்சினேன், இன்றைக்கு மழை என்று ஒரு வரி, இரண்டு வரி. பிறகு பள்ளத்தாக்கில் பழமரங்கள் வைத்தாள், அவற்றின் கணக்கையும் எழுதினாள். கணவன் இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டபோது பட்ட வேதனையும் அதே நோட்டில், துவைத்த துணிக்கும் சுட்ட ரொட்டிக்கும் நடுவில் இருக்கிறது.

பெரிய எழுத்து என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் நூற்றைம்பது வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை அவள் எந்த வீட்டுக்குப் போனாள் என்பது கண்டமங்கலத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிகிறது. என் ஆயாவைப் பெற்றவள் செத்தது எந்த வருஷம் என்பது எனக்குத் தெரியாது.

3

மோர்மன்களுக்கும் நமக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். தோண்டினால் சென்னை வருகிறது.

1852 ஆகஸ்ட்டில் உப்பு ஏரி நகரத்தில் ஒரு சிறப்பு மாநாடு நடந்தது. ஆண்கள் பல மனைவியரை மணக்கலாம் என்ற கொள்கையைச் சபை வெளிப்படையாக அறிவித்தது அதில்தான். நூறு பேருக்கு மேல் மதப் பிரசாரத்துக்காக உலகம் முழுவதும் அனுப்பப்பட்டதும் அதில்தான். ஸ்காட்லாந்தில் பிறந்த ரிச்சர்ட் பாலன்டைனுக்கு இந்தியா விழுந்தது. 1849இல் தன் வீட்டிலேயே அந்தப் பள்ளத்தாக்கின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர் அவர். கையில் பணம் இல்லாமல் கிளம்புவதுதான் அப்போது அந்தச் சபையின் வழக்கமாக இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் கப்பல் ஏறி, 1853இல் கல்கத்தா வந்து, அங்கிருந்து இரண்டு தோழர்களோடு சென்னை வந்து சேர்ந்தார். ஏறக்குறைய ஒரு வருஷம் இருந்தார். பிரசங்கம் செய்தார், துண்டுப் பிரசுரங்கள் போட்டார், ஒரு மாதப் பத்திரிகைகூட நடத்திப் பார்த்தார். அவர் பேச்சைக் கேட்டவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்த வெள்ளையர்கள். சேர்ந்தவர்கள் மிகச் சிலர். 1854இல் கப்பலேறிவிட்டார்.

அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. நான் தேடியது அவர் மனைவியை. ஹல்டா மரையா கிளார்க். 1847இல், பயணத்தின் நடுவே நதிக்கரையில் போட்டிருந்த குளிர்கால முகாமில் கல்யாணம். ஐந்தே வருஷத்தில் கணவன் உலகத்தின் மறுபக்கம் போய்விட, சிறு பிள்ளைகளோடு பள்ளத்தாக்கில் தனியாக நின்றவள். அவர் திரும்பி வந்தது 1855 செப்டம்பரில். மூன்று வருஷம்.

அந்த மூன்று வருஷத்தில் அவள் என்னவெல்லாம் செய்திருப்பாள் என்று ஊகிக்க எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. எங்கள் தெருவில் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஆள் போன வீடுகள் உண்டு. விறகு, தண்ணீர், மாடு, பிள்ளைக்குக் காய்ச்சல், வேலி தாண்டி வரும் ஆடு, கடன்காரன், எப்போதோ வரும் கடிதம். ஹல்டாவுக்கு ஒரு கடிதம் வர மாதக்கணக்கில் ஆகியிருக்கும். பாலன்டைன் திரும்பி வந்த 1855இல் வெட்டுக்கிளிகள் யூட்டாவின் பயிரைத் தின்று தீர்த்தன. அதற்கு முன்பே 1848இல் இன்னொரு வகைப் பூச்சிகள் வந்து இளம்பயிரை அழித்திருந்தன. அந்தத் தொடக்க வருஷங்களில் காட்டு அல்லிக் கிழங்கைத் தோண்டித் தின்று உயிர் வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. தோண்டியவர்களில் பெண்களும் பிள்ளைகளும் உண்டு.

திரும்பி வந்த பாலன்டைன் அடுத்த சில வருஷங்களுக்குள் மேலும் இரண்டு பெண்களை மணந்தார். இதை ஆயாவிடம் சொன்னேன்.

"மூணு வருசம் காத்துனு கெடந்தவளுக்கு அதான் கூலியா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இங்க மட்டும் இன்னா வாழுது" என்றும் சொன்னார்.

4

கண்டமங்கலம் எல்லைச் சாலையில் இருக்கும் ஊர். விழுப்புரத்தில் பேருந்து ஏறினால் வளவனூர் தாண்டி மதகடிப்பட்டில் புதுச்சேரி வந்துவிடும். திருபுவனை, திருவாண்டார்கோயில் கடந்தால் மறுபடி தமிழ்நாடு, அதுதான் கண்டமங்கலம். அரியூரில் மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரனும் வெள்ளைக்காரனும் நிலத்தைப் பங்கு போட்ட விதம் அப்படி. என் ஆயாவின் அம்மா பிறந்தது பிரெஞ்சு மண்ணில், வாழ்க்கைப்பட்டது பிரிட்டிஷ் மண்ணில். நடந்தால் ஒரு மணி நேரத் தூரம்.

பாலன்டைன் சென்னையில் இருந்த அதே ஐம்பதுகளில்தான் தென்னாற்காட்டின் மானாவாரிக் கொல்லைகளில் மணிலாக்கொட்டைச் சாகுபடி பரவத் தொடங்கியிருந்தது. புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கப்பலேறி மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குப் போனது. 1879இல் விழுப்புரம் - புதுச்சேரி ரயில் பாதை வந்தது. இப்போதும் எங்கள் ஊர் ரயில் நிலையம் சின்னபாபுசமுத்திரம்தான். வணிகர்களின் பெயர்களும் கப்பல்களின் பெயர்களும் ஆவணங்களில் கிடைக்கின்றன. மல்லாட்டையில் ஆண் வேலை ஏர் ஓட்டுவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். விதைக் கொட்டையை உடைப்பது, கால் சாலில் போடுவது, களை வெட்டுவது, செடி பிடுங்குவது, காய் ஆய்வது எல்லாம் பெண்கள் கை. மார்செய் சோப்பில் நுரைத்தது எங்கள் ஊர்ப் பெண்களின் விரல்நகமும்தான் என்று தோன்றும். அவர்களில் ஒருத்தியின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

யூட்டாப் பெண்களை முழுக்கப் பாவப்பட்டவர்களாக நினைக்கவும் முடியவில்லை. 1870இல் அவர்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1887இல் அமெரிக்க அரசு அதைப் பறித்தது, 1896இல் யூட்டா மாநிலமானபோது மீண்டும் பெற்றார்கள். அதே வருஷம் மார்த்தா ஹியூஸ் கேனன் என்ற மருத்துவர், பலதார மணத்தில் ஒரு மனைவி, அமெரிக்காவிலேயே முதல் பெண் மாநில செனட்டரானார். பஞ்சத்துக்கென்று கோதுமை சேமித்தார்கள். பட்டுப்பூச்சிகூட வளர்த்தார்கள். பட்டுச் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய ஜைனா யங்குக்குப் புழுவைக் கண்டாலே ஆகாது, கனவிலும் வருமாம். சிறுவந்தாட்டுப் பட்டுத் தறிகளுக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அவர்கள் தண்ணீர் பாய்ச்சிய நிலம் காலி நிலம் இல்லை. யூட், ஷோஷோனி, கோஷூட் மக்கள் வாழ்ந்த இடம். அந்தப் பழங்குடிப் பெண்களின் நாட்குறிப்பு யாரிடமும் இல்லை. கிழங்கு எங்கே கிடைக்கும் என்பது மண்ணை முன்பே அறிந்திருந்த அந்த மக்களுக்குத்தான் தெரியும். எங்கள் கொல்லையிலும் இதே கதை உண்டு. பட்டாவில் எங்கள் பெயராவது இருக்கிறது. எங்களுக்கு அறுவடை செய்துகொடுத்த சேரிப் பெண்களுக்கு, தேடிப் பார்க்கப் பட்டாகூட இல்லை. பெயரில்லாமல் போவதிலும் நம் ஊரில் படிக்கட்டு இருக்கிறது.

5

இந்த மாவட்டத்துப் பெண்களைப் பற்றி உலகம் முழுக்கத் தெரிந்த கதை ஒன்று உண்டு. 1853இல், பாலன்டைன் சென்னையில் இறங்கிய அதே வருஷம், ஸ்கட்டர் சகோதரர்கள் என்ற அமெரிக்க மிஷனரிகள் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். மோர்மன்கள் போய்விட்டார்கள், இவர்கள் தங்கிவிட்டார்கள். 1890களின் தொடக்கத்தில் அந்தக் குடும்பத்துப் பெண் ஐடா ஸ்கட்டர் திண்டிவனத்தில் பெற்றோரோடு இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவம் சிக்கல். ஐடாவின் அப்பா மருத்துவர், ஆனால் ஆண் மருத்துவரை மூவரும் ஏற்கவில்லை. ஐடா அப்போது மருத்துவம் படிக்கவில்லை. காலையில் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவராக்கியது, வேலூர் மருத்துவமனையைக் கட்டவைத்தது.

கதவைத் தட்டியவர்களில் ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறு உயர்சாதி இந்து என்பது வரை கதையில் இருக்கிறது. இறந்த மூன்று பெண்களின் பெயர்கள் அதில் இல்லை.

பேட்டி செஷன்ஸ் பிள்ளை பிறக்கவைத்த வீடுகளை எண்ணி எழுதினாள். நம் ஊர் மருத்துவச்சிகளும் அதே அளவு பார்த்திருப்பார்கள். எழுதத் தெரியாது, அவ்வளவுதான். 1901 கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. மோர்மன்களுக்கு எழுத்தும் இருந்தது, காரணமும் இருந்தது. இறந்த முன்னோருக்காகவும் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்குப் பெயர் வேண்டும். அதனால் 1894இல் வம்சாவளிச் சங்கம் அமைத்து, பிறகு உலகம் முழுவதும் சர்ச் பதிவேடுகளைப் படமெடுத்தார்கள், ஹரித்வார் பண்டாக்களின் ஏடுகள் வரைக்கும். செத்தவர்களின் பெயர் தெரியாவிட்டால் அவர்களைக் கரையேற்ற முடியாது.

எங்களுக்கும் செத்தவர்களோடு ஏற்பாடு இருக்கிறது. அதற்குப் பெயர் வேண்டியதில்லை. வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் பூவாடைக்காரிக்குப் படையல். சுமங்கலியாகச் செத்த வீட்டுப் பெண்ணுக்குப் புதுச்சேலை, பூ, பொங்கல். என் அக்கா கல்யாணத்தில் ஆயா அந்தச் சேலையை மடித்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அது அவர் அம்மாவுக்கு என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. எண்பது வருஷமாகச் சேலை போகிறது, பெயர் வரவில்லை.

6

ஒரு வழி இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் தன் எல்லைக்குள் பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிவேட்டில் எழுதிவைத்தான். பிரெஞ்சிந்தியாவின் பழைய பதிவேடுகள் இன்று பிரான்சின் ஏக்ஸ் நகரத்துக் காப்பகத்தில் இருக்கின்றன, நிறையப் பக்கங்கள் இணையத்திலும் கிடைக்கின்றன. திருபுவனை மண்ணாடிப்பட்டு கொம்யூனில் சேர்ந்தது. ஆயாவின் அம்மாவுடைய அப்பா பெயர் ஆயாவுக்கு நன்றாகவே தெரியும். ஆண் பெயர் இல்லையா, மறக்கவில்லை. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போகிறேன். சாய்ந்த பிரெஞ்சுக் கையெழுத்தில் தமிழ்ப் பெயர்களைப் படிப்பது வரகில் கல் பொறுக்குவது மாதிரி. இன்னாரின் மகள் என்ற வரி வரும்போதெல்லாம் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளும்.

இன்னும் கிடைக்கவில்லை. பதிவே செய்யாமல் விட்டிருக்கவும் கூடும்.

இதற்கிடையே ஒரு நோட்டு வாங்கி, ஆயா தன் அம்மாவைப் பற்றிச் சொன்னதை எழுதி வைத்தேன். நான்குதான். வலது கை மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தாள். மல்லாட்டைக் கொல்லைக்குப் போகும்போது கூழில் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நடப்பாள். இருட்டினால் பயப்படுவாள். கடைசி நாள் வண்டி கட்டிப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, கோழியைக் கவிழ்த்துவிடு என்று ஆயாவிடம் சொன்னாள்.

ஆயா தன் கதையையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதையும் எழுதுகிறேன். சாயங்காலம் நான் கணினியை மூடும்போது தினமும் கேட்கிறார்:

"கெடச்சாளா?"

"இல்ல ஆயா. 1913 வரிக்கும் வந்துட்டேன்."

"சரி, நாளைக்குப் பாரு."