ஒரு மைல் நீளத்துக்கு மஃப்ளர்

1989 ஏப்ரல் 22, சனிக்கிழமை. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், எவர்ட்டன் கால்பந்து அணியின் குடிசன் பார்க் மைதானத்தில் தொடங்கிய மஃப்ளர் வரிசை ஸ்டான்லி பார்க் என்ற பூங்காவைக் கடந்து, லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் போய் முடிந்தது. நீல மஃப்ளர் எவர்ட்டன் ரசிகர்களுடையது, சிவப்பு லிவர்பூல் ரசிகர்களுடையது. ஒன்றின் நுனியில் இன்னொன்றை முடிந்து முடிந்து ஏறக்குறைய ஒரு மைல் தூரத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மதியம் 3:06க்கு நகரம் மௌனமாக நின்றது.

சரியாக ஒரு வாரத்துக்கு முன், அதே 3:06க்குத்தான் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தியிருந்தார்.

அன்று எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் மோதின. லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கப்பட்டது லெப்பிங்ஸ் லேன் பக்கம். அங்கே நின்று பார்க்கும் டிக்கெட் வாங்கிய சுமார் 10,100 பேருக்கு இருந்த சுழல் வாயில்கள் 7 மட்டுமே. வெளியே நெரிசல் முற்றவே, 2:52க்குப் பெரிய வெளியேறும் கதவைத் திறக்கப் போலீஸ் அதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்டு உத்தரவிட்டார். உள்ளே வந்த கூட்டம் எதிரில் தெரிந்த சுரங்கப் பாதையில் இறங்கியது. அது, ரசிகர்கள் நின்று பார்க்கும், ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடு அடைப்புகளில் போய்த் திறந்தது. அந்தப் பாதையை மறித்து, கூட்டத்தைப் பக்கவாட்டு அடைப்புகளுக்குத் திருப்பிவிட யாருமில்லை. முன்னால் உயரமான கம்பி வேலி. நின்ற நிலையிலேயே மூச்சுத் திணறிச் செத்தார்கள். விளம்பரப் பலகைகளைப் பிய்த்து ஸ்ட்ரெச்சராக்கி அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் சக ரசிகர்கள். அன்று 94 பேர், நான்கு நாள் கழித்து மருத்துவமனையில் இன்னொருவர். வயது 10 முதல் 67 வரை.

தேடி வந்த பெற்றோரை அன்றிரவு நடத்திய விதம் கொடுமையானது. மைதானத்தின் உடற்பயிற்சிக் கூடத்தையே பிணவறையாக்கியிருந்தார்கள். இறந்த முகங்களின் புகைப்படங்களைப் பலகையில் ஒட்டி, உங்கள் பிள்ளை இதில் உண்டா என்று பார்க்கச் சொன்னார்கள். அடையாளம் காட்டிய கையோடு, குடித்திருந்தானா என்ற விசாரணை. குழந்தைகளின் உடலிலிருந்துகூட ரத்தம் எடுத்து மது கலந்திருக்கிறதா என்று சோதித்தார்கள்.

அரசாங்கத்தின் ஆட்கள் இப்படி நடந்துகொண்ட இடத்தில், துக்க வீட்டுக்கு உறவாக வந்து நின்றது கால்பந்துக் கூட்டம்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆன்ஃபீல்டின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். கொண்டுவந்த பூக்களை ரசிகர்கள் கோல் கம்பத்தடியில் வைத்தார்கள். நாளாக நாளாக அந்தப் பூக்கள் மைதானத்தின் நடுக்கோடு வரை பரவின. அந்த நாட்களில் அங்கே வந்து போனவர்கள் 10 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். நகரத்தின் மொத்த மக்கள்தொகையே அவ்வளவு கிடையாது.

லிவர்பூலின் மேனேஜர் கென்னி டால்கிளிஷுக்கு அப்போது வயது 38. அவரும் அவருடைய மனைவி மரீனாவும், வீரர்களும் அவர்களுடைய மனைவிமாரும் மைதானத்திலேயே குடும்பங்களோடு உட்கார்ந்து, தேநீர் கொடுத்து, சொல்வதையெல்லாம் கேட்டார்கள். ஷெஃபீல்டு மருத்துவமனைக்குப் போய், நினைவு தப்பிக் கிடந்த பையன்களின் கட்டிலருகே நின்று பேசினார்கள். டால்கிளிஷ் ஒரே நாளில் நான்கு இறுதிச் சடங்குகளுக்குப் போனார். துக்க வீட்டில் என்ன பேசுவது என்று எந்தப் பயிற்சியாளருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. அவர் போய் நின்றார். அவர் வென்ற கோப்பைகள் பல. நான் அவரை மதிப்பது இதற்காகத்தான்.

எவர்ட்டன் ரசிகர்கள் ஏன் வந்தார்கள் என்று கேட்கலாம். இரண்டும் ஒரு வேரில் கிளைத்த அணிகள். ஆன்ஃபீல்டில் முதலில் விளையாடியதே எவர்ட்டன்தான். வாடகைத் தகராறில் 1892இல் அவர்கள் பூங்காவின் மறுபக்கம் குடிபோக, காலியான மைதானத்துக்காக உருவானது லிவர்பூல் அணி. நூறு ஆண்டாகப் பகைத்தும் ஒரே தெருவில், ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். அண்ணன் சிவப்பு, தம்பி நீலம் என்பது அங்கே சாதாரணம். அதனால் செத்தவன் எந்த அணிக்காரன் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போனது. மே 20 அன்று கோப்பை இறுதியாட்டத்தில் இந்த இரு அணிகளே மோதின. லிவர்பூல் 3-2 என்று வென்றது.

இதற்கிடையே ஏப்ரல் 19ஆம் தேதியை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். அன்று காலை 'தி சன்' நாளிதழ் முதல் பக்கத்தில் 'உண்மை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டு, ரசிகர்கள் இறந்தவர்களின் பைகளில் திருடினார்கள், காப்பாற்ற வந்த போலீஸார் மீது சிறுநீர் கழித்தார்கள் என்று எழுதியது. அத்தனையும் பொய். கதவை ரசிகர்களே உடைத்தார்கள் என்று சம்பவ நேரத்திலேயே டக்கன்ஃபீல்டு சொன்ன பொய்யின் தொடர்ச்சி அது. நாடு இதை எளிதாக நம்பியதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1985இல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து தாக்கியதில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் இத்தாலியர்கள். அந்தக் குற்றம் உண்மையானது, அதை மறைக்கக் கூடாது. அதைக் காட்டி நான்கு ஆண்டு கழித்துச் செத்த குழந்தைகள்மீது பழி போட்டதை மன்னிக்கவும் கூடாது.

அதே ஏப்ரல் 19 இரவு, இத்தாலியின் மிலன் நகரில் ஏ.சி. மிலனும் ரியல் மாட்ரிடும் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் மோதின. தொடங்கிய சில நிமிடங்களில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மௌன அஞ்சலியின்போது மிலன் ரசிகர்கள் லிவர்பூல்காரர்களின் பாட்டான 'யூ வில் நெவர் வாக் அலோன்' பாடலைப் பாடினார்கள். ஹெய்சலில் தன் மக்களை இழந்த நாடு அது. சொந்த நாட்டின் பத்திரிகை தூற்றிய நாளில், வஞ்சம் வைத்திருக்க நியாயம் உள்ள நாட்டிலிருந்து இரங்கல் வந்தது. கால்பந்து வரலாற்றில் இதைவிடப் பெரிய செயலை நான் படித்ததில்லை.

பூக்கள் வாடின. குடும்பங்களின் போராட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. தவறு போலீஸ் நிர்வாகத்தினுடையது என்று நீதிபதி டெய்லர் 1989 ஆகஸ்டிலேயே அறிக்கை தந்தார். ஆனால் 1991இல் மரண விசாரணை நடுவர் குழு 'விபத்து' என்று முடித்தது. 3:15க்குள் எல்லோருக்கும் உயிர்போகும் காயம் ஏற்பட்டுவிட்டது, அதற்குப் பின் நடந்ததைக் கேட்கத் தேவையில்லை என்று அங்கே கோடு போட்டுவிட்டார்கள். 15 வயது மகனை இழந்த ஆன் வில்லியம்ஸ் அந்தக் கோட்டை ஏற்கவில்லை. மகன் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்தான் என்பதற்குச் சாட்சிகளைத் தேடித் தேடிப் பிடித்தார். 20 ஆண்டுக்கு மேல் இதே வேலை.

ரசிகர்கள் குடும்பங்களைத் தனியே விடவில்லை. நகரத்தில் 'தி சன்' வாங்குவதை நிறுத்தினார்கள். அந்தப் புறக்கணிப்பு இன்றும் நீடிக்கிறது. ஒவ்வோர் ஏப்ரல் 15 அன்றும் ஆன்ஃபீல்டில் கூடினார்கள். 2009இல், 20ஆம் ஆண்டு நினைவு நாளில் 30,000 பேருக்கு மேல் திரண்டிருந்தார்கள். அரசு சார்பில் பேச எழுந்த அமைச்சர் ஆண்டி பர்னமை மேற்கொண்டு பேசவிடாமல், 96 பேருக்கு நீதி வேண்டும் என்று அரங்கமே முழங்கியது. (1993இல் 96ஆவது உயிரும் போயிருந்தது.) பர்னம் அந்தப் பகுதிக்காரர், எவர்ட்டன் ரசிகர். 1989இல் அதே நாளில் நடந்த மற்ற அரையிறுதியில் தன் அணியைப் பார்க்கப் போயிருந்தவர். அந்த முழக்கத்தைக் கேட்டுத் திரும்பியவர் அரசுக்குள் இதை விடாமல் எழுப்பினார். ஆவணங்களை ஆராய சுயாதீனக் குழு அமைந்தது.

2012 செப்டம்பர் 12 அன்று அந்தக் குழுவின் அறிக்கை வெளியானது. 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன. அவற்றில் 116இல் போலீஸுக்குப் பாதகமான வரிகளை நீக்கியோ மாற்றியோ இருந்தார்கள். 41 பேர் பிழைத்திருக்க வாய்ப்பிருந்தது என்பதும் தெரிந்தது. பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஐந்து நாள் கழித்துக் குடிசன் பார்க்கில் எவர்ட்டன் ஆட்டம். எவர்ட்டன் சட்டையில் ஒரு குழந்தையும் லிவர்பூல் சட்டையில் ஒரு குழந்தையும் கைகோத்து மைதானத்துக்குள் வந்தார்கள். ஒரு முதுகில் 9, இன்னொரு முதுகில் 6. இறந்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடின, அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. 23 ஆண்டுக்கு முன் மஃப்ளர் முடிந்தவர்கள் மறந்துவிடவில்லை.

பழைய தீர்ப்பு 2012 டிசம்பரில் ரத்தானது. ஆன் வில்லியம்ஸ் அதைப் பார்த்தார். 2013 ஏப்ரல் 15 நினைவுக் கூட்டத்துக்கு நோயோடு வந்து உட்கார்ந்தார். மூன்று நாளில் காலமானார். புதிய விசாரணையின் முடிவு 2016 ஏப்ரல் 26 அன்று வந்தது. 96 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள், ரசிகர்கள்மீது எந்தத் தவறும் இல்லை. நீதிமன்றத்துக்கு வெளியே குடும்பங்கள் கைகோத்து 'யூ வில் நெவர் வாக் அலோன்' பாடின.

அன்றைய காயத்தோடு 32 ஆண்டு வாழ்ந்த ஒருவர் 2021 ஜூலையில் இறந்தார். எண்ணிக்கை 97 ஆனது. லிவர்பூல் அணியின் சட்டையில் பின்கழுத்தில் அந்த எண் இருக்கிறது. டக்கன்ஃபீல்டு தன்மீதான வழக்கில் 2019இல் விடுதலையானார். மைதானத்தின் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவருக்கு 6,500 பவுண்டு அபராதம் விதித்தார்கள். 97 பேரின் சாவுக்காகச் சிறைக்குப் போனவர் ஒருவருமில்லை.

அடுத்த வாரம் நம் நாட்டுக்கு வருவோம்: 1980 ஆகஸ்ட் 16, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய அன்று வீடு திரும்பாத 16 ரசிகர்கள்.

(தொடரும்)